தோட்டம் கைமாறியபோது: கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்ட மக்கள் வரலாறு – ஒரு நோக்கு

முன்னுரை

கோல சிலாங்கூர் நகரிலிருந்து சிலாங்கூர் ஆற்றை ஒட்டி மேலேறிச் செல்வோர் கம்போங் குவாந்தானை அடைவர். ஆற்றோரத்துப் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒருசேர ஒளிர்ந்து அணையும் காட்சியால் இவ்வூர் உலகறியப் பெயர் பெற்றது. அக்காட்சியைக் காணப் படகேறுவோர் அனைவரும் வழியில் செம்பனைத் தோட்டங்களைக் கடந்தே வருகின்றனர். எனினும் அத்தோட்டங்களை உருவாக்கியோர் யாவர் என வினவுவோர் மிகச் சிலரே.

திராட்சை விளையும் நாடுகளில் மதுவுக்குப் பெயரிடும்போது தோட்டத்தின் பெயரையும் அதை நடத்திய குடும்பத்தின் பெயரையும் பொறித்துப் பெருமை கொள்வது வழக்கம். தோட்டம் புதியவர் கைக்கு மாறினாலும் பழைய பெயர் விலைமதிப்புள்ளதாகக் காக்கப்படுகின்றது. நம் நாட்டு இரப்பர், செம்பனைத் தோட்டங்களிலும் உரிமை பலமுறை கைமாறியுள்ளது. நிறுவனங்களின் பெயர்கள் ஏட்டில் நின்றன. உழைத்தோர் பெயர்களோ நிற்கவில்லை. ஒவ்வோர் உரிமை மாற்றத்தின்போதும் அங்கு வாழ்ந்த மக்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை வட சிலாங்கூர்த் தோட்டங்களை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தென்னமாரம் எனும் பெயர்

சிலாங்கூர் ஆற்றுப் பள்ளத்தாக்கில், முன்பு பத்தாங் பெர்ஜுந்தை என வழங்கி இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் ஊரை அடுத்துள்ளது தென்னமாரம் தோட்டம். மலேசியாவில் வாணிப நோக்கில் செம்பனை முதன்முதலாகப் பயிரிடப்பட்ட இடம் இதுவே. ஆண்டு 1917. இன்று நாட்டின் பொருளாதாரத் தூண்களுள் ஒன்றாக விளங்கும் ஒரு தொழில் இங்கேதான் வேர்கொண்டது.

இத்தோட்டத்தின் பெயர் நம் கவனத்திற்குரியது. 'தென்னைமரம்' என்னும் தமிழ்ச் சொல்லே ஆங்கில எழுத்துகளில் ஏறிச் சிறிது திரிந்து நிற்கின்றது என்பதைத் தமிழறிந்தோர் எளிதில் உணர்வர். துரைமார்கள் தங்கள் ஊர்ப்பெயர்களையும் நிறுவனப் பெயர்களையும் தோட்டங்களுக்குச் சூட்டினர். தொழிலாளர்களோ அவற்றை ஒதுக்கிவிட்டு மரம், ஆறு, மேடு, பழைய கங்காணி எனத் தாம் அறிந்தவற்றால் தோட்டங்களை அழைத்து வந்தனர். அவ்வழக்குப் பெயர்களுள் மிகப் பல பேச்சோடு மறைந்துபோக, அலுவல் ஏட்டிலும் நிலைத்துவிட்ட அரிய பெயர்களுள் ஒன்றாகத் தென்னமாரத்தை நாம் கருதலாம். அங்குள்ள தமிழ்ப்பள்ளியும் அப்பெயரையே தாங்கி நிற்கின்றது.

கொன்யாக் நாட்டிலிருந்து வந்தவர்

செம்பனையை இங்குத் தோட்டப் பயிராக்கியவர் என வரலாற்று நூல்கள் குறிப்பிடுபவர் ஆன்றி ஃபொக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். 1879-ஆம் ஆண்டு பிரான்சின் ஷாரந்த் மாவட்டத்தில் பார்பெசியோ எனும் சிற்றூரில் பிறந்தவர். திராட்சை மதுவைக் காய்ச்சி வடிக்கும் கொன்யாக்குக்குப் புகழ்பெற்ற நிலப்பகுதி அது. அவர் பிறந்த காலத்தில் பிலாக்சரா எனும் பூச்சி அங்குள்ள திராட்சைத் தோட்டங்களை அழித்து வந்தது. ஒற்றைப் பயிரை நம்பி வாழ்ந்த ஒரு வட்டாரம் நிலைகுலைந்த சூழலில் வளர்ந்த இளைஞர், 1905-இல் கடல்கடந்து மலாயா வந்து சேர்ந்தார்.

கிள்ளான் அருகே ஒரு தோட்டத்தில் பயிற்சி பெற்றபோது மலாயும் தமிழும் கற்கத் தொடங்கினார். பின் சிலாங்கூர் ஆற்றங்கரையில் ரந்தாவ் பாஞ்சாங் பகுதியில் நிலம் பெற்று இரப்பர் பயிரிட்டார். பெல்ஜிய நாட்டவரான அத்ரியன் அலே அவருக்குத் துணைநின்றார். அலே உருவாக்கிய சொக்ஃபின் நிறுவனத்தோடு இத்தோட்டங்களின் எதிர்காலமும் பிணைந்தது. 1911 அளவில் சுமத்திராவிலிருந்து பெற்ற செம்பனை விதைகள் முதலில் அழகு மரங்களாகவே ரந்தாவ் பாஞ்சாங்கில் நடப்பட்டன. காப்பி பயிரிட்டு வெற்றி பெறாத தென்னமாரத்தில் 1917-இல் அவை தோட்டப் பயிராயின.

ஃபொக்கோனியே பின்னாளில் எழுதிய 'மலேசி' எனும் பிரெஞ்சு நாவல் 1930-ஆம் ஆண்டின் கோன்கூர் பரிசைப் பெற்றது. அந்நாவலில் மலாய் மக்களோடு தமிழ்த் தொழிலாளர்களும் இடம்பெறுகின்றனர். நம் மக்களின் தோட்ட வாழ்க்கை ஐரோப்பிய வாசகர் பலரைச் சென்றடைய அந்நூல் வழிவகுத்தது எனலாம்.

இங்கு ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1914-இல் உலகப்போர் மூண்டதும் ஃபொக்கோனியே பிரெஞ்சுப் படையில் பணியாற்றத் தாயகம் திரும்பினார். போர்க்காலத்தின் பெரும்பகுதியை அவர் மலாயாவுக்கு வெளியேதான் கழித்தார். தென்னமாரத்தின் முதல் நடவு நிகழ்ந்த 1917 போர் நடந்துகொண்டிருந்த ஆண்டாகும். குழி வெட்டி, நாற்றுச் சுமந்து, களை பிடுங்கி அம்மரங்களை நிலைபெறச் செய்தோர் தொழிலாளர்களே. ஆயினும் முதல் நடவைப் பேசும் நூல்களெல்லாம் உரிமையாளர் பெயர் ஒன்றையே எடுத்துரைக்கின்றன. அவருடைய முயற்சியைக் குறைத்து மதிப்பிடுவது நம் கருத்தன்று. ஒருவர் பெயரோடு வரலாறு முடிந்துவிடுவதையே நாம் சுட்ட விழைகின்றோம்.

லயன் வாழ்வும் 1941-ஆம் ஆண்டு எழுச்சியும்

சிலாங்கூர்த் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து ஆள் சேர்த்த முறை பெரும்பாலும் கங்காணி முறையாகும். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் முடிவுக்கு வந்தபின் இம்முறையே மேலோங்கியது. தம் ஊரிலும் உறவிலும் ஆள் திரட்டி வந்த கங்காணியே தோட்டத்தில் அவர்களை மேய்ப்பவராகவும் இருந்தார். அதனால் ஒரே ஊரார் ஒரே லயனில் வாழும் நிலை உருவாயிற்று. மாரியம்மன் கோயில், ஆயாக் கொட்டகை, பள்ளிக்கூடம், கள்ளுக்கடை ஆகியன அவ்வாழ்வின் எல்லைகளாயின. விடியுமுன் பெரட்டுக்கு நின்று பெயர் கொடுத்தோர் எல்லார் பெயரும் 'செக்குரோல்' எனப்பட்ட ஏட்டில் இருந்தன. கூலி கணக்கிடுவதற்காக எழுதப்பட்ட அவ்வேடே அவர்கள் பெயர் பதிந்த ஒரே ஆவணமாகவும் பல வேளைகளில் அமைந்தது.

இம்மக்கள் வாய்மூடி வாழ்ந்தனர் என்னும் கருத்து முற்றும் உண்மையன்று. 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கிய வேலைநிறுத்தம் கோல சிலாங்கூர் உள்ளிட்ட பகுதிகளுக்கும் பரவியது. ஆர்.எச். நாதன் முதலியோர் தலைமையில் எழுந்த கோரிக்கைகளைக் காணும்போது அக்காலத் தோட்ட வாழ்வு நம் கண்முன் தோன்றுகின்றது. சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும். பெண்களைத் துன்புறுத்துதல் நிற்க வேண்டும். பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும். உற்றார் உறவினர் தோட்டத்திற்குள் தடையின்றி வந்துபோக வேண்டும். துரைக்கு எதிரே சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் எனும் கட்டாயம் ஒழிய வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என அவை அமைந்தன.

கள்ளுக்கடையை மூடுமாறு தொழிலாளர்களே கேட்டனர் என்பது சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. மாலையில் ஈட்டிய கூலி இரவில் கள்ளுக்கடைக்குச் சென்றதை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர். நாதன் மே மாதம் கைது செய்யப்பட்டதும் போராட்டம் கடுமையடைந்தது. படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். அவ்வாண்டின் இறுதியில் சப்பானியர் படையெடுத்தனர். அடுத்து வந்த ஆண்டுகளில் தோட்டங்களிலிருந்து திரளான தமிழர் சயாம் இரயில்பாதை அமைக்கக் கொண்டுசெல்லப்பட்டனர். திரும்பாதோர் பலர்.

உரிமை மாற்றத்தின் மூன்று கட்டங்கள்

போருக்குப்பின் தோட்டங்கள் கைமாறிய வரலாற்றை மூன்று கட்டங்களாகப் பகுத்துக் காணலாம்.

முதலாவது, துண்டாடல். 1950-களில் நாடு விடுதலையை நெருங்கியபோது ஐரோப்பிய உரிமையாளர் பலர் தோட்டங்களை விற்கலாயினர். வாங்கியோர் அவற்றைச் சிறு துண்டுகளாக்கி மறுவிற்பனை செய்தனர். துண்டுபட்ட நிலத்தில் மருந்தகம், பள்ளி, லயன் ஆகியவற்றைப் பேணும் பொறுப்பு யாருடையது என்பது தெளிவில்லாமல் போயிற்று. நிலையான வேலை குத்தகைக்காரரிடம் செய்யும் அன்றாட வேலையாக மாறியது. 1951 முதல் 1960 வரையிலான துண்டாடலைப் பற்றி மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் உங்கு அப்துல் அசீஸ் விரிவாக ஆராய்ந்துள்ளார். இந்நெருக்கடிக்கு விடையாகவே துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் தம் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டத்தையே வாங்குதல் என்பது அதன் அடிப்படை. கெடாவில் உள்ள புக்கிட் சீடிம் தோட்டம் அவ்வாறு வாங்கப்பட்டது. உழைப்போரே உரிமையாளராக வரலாம் என்பதை அது மெய்ப்பித்தது. எனினும் எல்லாத் தோட்டங்களையும் வாங்கும் ஆற்றல் ஒரு சங்கத்திற்கு இருத்தல் இயலாது.

இரண்டாவது, உள்நாட்டு உரிமை. 1981-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் இலண்டன் பங்குச் சந்தையில் கத்ரி நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகள் ஒரே காலைப்பொழுதில் மலேசியாவின் கைக்கு வந்தன. தொடர்ந்து பிற பெரு நிறுவனங்களும் உள்நாட்டு உரிமையாயின. 2007-இல் கத்ரி, கோல்டன் ஹோப், சைம் டார்பி ஆகியவை ஒன்றிணைந்தன. காலனிய உடைமை நாட்டுடைமையாவது வரவேற்கத்தக்கதே. ஆனால் அம்மாற்றம் பங்குப் பத்திரங்களில் நிகழ்ந்தது. லயன் வீட்டின் உரிமையில் நிகழவில்லை.

இதே காலத்தில் தொழிலின் தன்மையும் மாறியது. இரப்பரை அழித்துச் செம்பனை நடப்பட்டபோது, ஏக்கருக்குத் தேவைப்படும் ஆட்களின் எண்ணிக்கை குறைந்தது. அதுவரை செம்பனைப் பூக்களுக்கு மகரந்தத்தைக் கையால் தூவும் வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்து வந்தனர். 1981-இல் ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட சிறு கூன்வண்டு அவ்வேலையைத் தானே செய்தது. விளைச்சல் பெருகியது. அறிவியல் வெற்றியாகப் போற்றப்படும் அந்நிகழ்ச்சி பல குடும்பங்களில் இரண்டாம் வருமானத்தின் இழப்பாகவும் அமைந்தது.

மூன்றாவது, மேம்பாட்டு நிலமாதல். 1990-களில் சிலாங்கூர்த் தோட்ட நிலங்கள் வீடமைப்புக்கும் புதுநகர்களுக்குமாக விற்கப்பட்டன. இம்முறை வாங்கியோருக்குத் தோட்டமே தேவைப்படவில்லை. ஆகவே தொழிலாளரும் தேவைப்படவில்லை. முந்தைய இரு கட்டங்களினின்றும் இது வேறுபடும் இடம் இதுவே.

சட்டமும் வாழ்வும்

உரிமை மாற்றத்தின்போது தொழிலாளருக்குரிய பாதுகாப்பை 1980-ஆம் ஆண்டுப் பணிநீக்கப் பயன் விதிமுறைகள் வரையறுக்கின்றன. தோட்டம் கைமாறினால், புதிய உரிமையாளர் ஏழு நாட்களுக்குள் முன்னிலும் குறையாத நிபந்தனைகளோடு வேலையைத் தொடர முன்வரலாம். அவ்வாறு முன்வந்தால் இழப்பீட்டுக்கு இடமில்லை. முன்வராவிடின் இழப்பீடு வழங்க வேண்டும். இரண்டாண்டுக்குக் குறைந்த பணிக்கு ஆண்டொன்றுக்கு 10 நாள் கூலியும், ஐந்தாண்டுக்குக் குறைந்த பணிக்கு 15 நாள் கூலியும், அதற்கு மேற்பட்ட பணிக்கு 20 நாள் கூலியும் கணக்கிடப்படும்.

முப்பது ஆண்டு பால் வெட்டிய ஒருவருக்கு இக்கணக்கின்படி 600 நாள் கூலி கிடைக்கும். தோட்டக் கூலி மிகக் குறைவாக இருந்த காலத்தில் அத்தொகையைக் கொண்டு பட்டணத்தின் ஓரத்தில் வீடு வாங்குதல் அரிது. லயன் வீடு வேலையோடு பிணைந்தது. வேலை போனால் வீடும் போகும். தாய் தந்தையர் பிறந்து மடிந்த வீடாயினும் சட்டத்தின் பார்வையில் அது முதலாளி தந்த தங்குமிடமே. தோட்டத் தொழிலாளருக்குச் சொந்த வீடு எனும் திட்டம் 1970-களிலிருந்தே பேசப்பட்டும் பெரும்பாலான தோட்டங்களில் நிறைவேறாமற் போனதன் விளைவை இங்கே காண்கின்றோம்.

வட சிலாங்கூரின் மேரி, நிஜெல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மிஞ்ஞாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள் இதற்குச் சான்றாவர். தோட்டங்கள் கைமாறியபின் வீட்டுரிமைக்காக 245 குடும்பங்கள் நெடுங்காலம் காத்திருந்த செய்தி, 2024-ஆம் ஆண்டு கோல குபு பாரு சட்டமன்ற இடைத்தேர்தலின்போது நாடெங்கும் பேசப்பட்டது. நூற்றாண்டுக்கு முன் காடழித்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் ஒரு வீட்டிற்காக ஒரு தலைமுறைக் காலம் காத்திருக்க நேர்ந்தது வரலாற்று மாணவர் கருத்திற்கொள்ள வேண்டிய செய்தியாகும்.

முடிவுரை

காப்பி போய் இரப்பர் வந்தது. இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய்க் கட்டடங்கள் வந்தன. ஐரோப்பியத் தனியார், பன்னாட்டு நிறுவனம், உள்நாட்டு நிறுவனம், மேம்பாட்டாளர் என உரிமை மாறிவந்தது. விற்பனை உடன்படிக்கையில் மரங்களின் வயதும் நிலத்தின் பரப்பும் எழுதப்பட்டன. அங்கு வாழ்ந்தோர் எத்தனை தலைமுறையினர் என்பது எழுதப்படவில்லை. அதுவே அவர்கள் உரிமைகோரும்போது சான்றின்மையாக அவர்களுக்கு எதிராக நின்றது.

ஆகவே, ஆவணப்படுத்தும் பணி நினைவுக்காக மட்டும் செய்யப்படுவதன்று; வாழ்வோரின் உரிமைக்கும் அது துணையாகும். தமிழ்ப்பள்ளிச் சேர்க்கை ஏடுகள், கோயில் நன்கொடைக் கல்வெட்டுகள், திருவிழா அழைப்பிதழ்கள், இடுகாட்டுக் கற்கள், எஞ்சியுள்ள செக்குரோல் தாள்கள், முதியோர் வாய்மொழி ஆகியன இன்னும் கிடைக்கும் நிலையில் உள்ளன. ஒவ்வொரு லயனும் இடிபடும்போது அவற்றுள் ஒரு பகுதி மறைகின்றது. இந்திய ஆய்வியல் மாணவர்கள் தத்தம் குடும்பத்தார் வாழ்ந்த தோட்டம் ஒன்றனை எடுத்துக்கொண்டு, பெரட்டுக்களத்தில் நின்றோரின் பெயர்களை ஒரு பட்டியலாகத் தொகுத்தாலே போதும். தென்னமாரம் என ஒரு தோட்டத்திற்குப் பெயர் தந்தவர்களுக்கும் பெயர்கள் இருந்தன என்பதை அப்பட்டியல் நிலைநாட்டும்.