பழைய உலாவிகளில் நிழல்

இணையப் பக்கத்தின் எழுத்து, நிறம், இடவமைப்பு ஆகியவற்றை உலாவிக்கு எடுத்துரைக்கும் விதிமொழியான சிஎஸ்எஸ்ஸின் இரண்டாம் பதிப்பு 1998 மே மாதத்தில் வெளிவந்தபோதே, எழுத்துக்குப் பின்னால் நிழல் விழச்செய்யும் 'டெக்ஸ்ட்-ஷேடோ' என்னும் பண்பு அதில் இடம்பெற்றிருந்தது. நிழல் பக்கவாட்டில் எவ்வளவு விலக வேண்டும், கீழ்நோக்கி எவ்வளவு இறங்க வேண்டும், விளிம்பு எவ்வளவு மங்க வேண்டும், நிறம் என்ன என்ற நான்கையும் ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஏட்டில் இருந்த அவ்வரி திரைக்கு வர ஐந்தாண்டுகளுக்கு மேலாயிற்று. 2003இல் ஆப்பிளின் சஃபாரி 1.1 அதை ஏற்றது. பிற உலாவிகள் அசையாதிருந்ததால், நடைமுறைக்கு வந்தவற்றை மட்டும் தக்கவைத்துக்கொள்ளும் நோக்குடன் தொகுக்கப்பட்ட 2.1ஆம் பதிப்பில் அப்பண்பு கைவிடப்பட்டது.

விதி இல்லாத காலத்தில் நிழல் என்பது படமாகவே இருந்தது. ஃபோட்டோஷாப்பில் பெட்டியை வரைந்து, நான்கு மூலைகளையும் நான்கு விளிம்புகளையும் தனித்தனியே வெட்டி, ஒன்பது கட்டங்கொண்ட அட்டவணையின் புற அறைகளில் ஒட்டிவைப்பார்கள். ஜிஃப் படத்தில் ஒரு புள்ளி முழுதாகத் தெரியும் அல்லது அறவே தெரியாது என்பதால், மங்கும் நிழலைப் பக்கத்தின் பின்னணி நிறத்தோடு கலந்தே வரைய வேண்டியிருந்தது. பின்னணி மாறினால் எட்டுத் துண்டுகளையும் மறுபடி வெட்ட வேண்டும். 256 படிநிலைகளில் ஒளிபுகும் பிஎன்ஜி படம் இத்தொல்லையைத் தீர்த்திருக்கும். ஆனால் 2001இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6, நிழல் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் படிந்த பட்டையையே காட்டியது. மைக்ரோசாஃப்ட்டின் 'ஆல்ஃபா இமேஜ் லோடர்' அதைச் சரிசெய்ததாயினும், படத்தை இழுத்து நீட்ட அதற்குத் தெரியும், அடுத்தடுத்துப் பதிக்கத் தெரியாது.

இதில் விந்தை என்னவெனில், நிழலைப் படமின்றி உண்டாக்கும் வழி அதே உலாவியில் 1997ஆம் ஆண்டின் நான்காம் பதிப்பு முதலே இருந்தது. 'ஃபில்டர்' எனப்பட்ட அந்தத் தனிவழியில் 'டிராப்ஷேடோ' கூர்மையான விளிம்புடன் ஒரு நகலை விலக்கி வைக்கும். 'ஷேடோ' எட்டுத் திசைகளுள் ஒன்றில் நிறத்தை மங்கலாக இழுக்கும். ஆனால் பின்னணி நிறம் தரப்படாத பெட்டியில் அவ்விதியை எழுதினால், நிழல் பெட்டிக்கு விழாமல் உள்ளிருக்கும் ஒவ்வோர் எழுத்துக்கும் விழுந்து, பத்தி முழுவதும் மை கசிந்தது போலாகிவிடும். எழுத்தின் விளிம்பை மென்மையாக்கும் கிளியர்டைப்பும் அங்கே செயலிழந்துவிடுவதால் எழுத்துகள் ரம்பப்பல் போலத் தெரியும். அகலமோ உயரமோ தரப்படாத பெட்டியில் ஃபில்டர் வேலையே செய்யாது என்பதால், உருப்பெருக்கத்தை ஒன்று என வைக்கும் 'ஜூம்' வரியை எழுதுவது வழக்கமாயிற்று. இருப்பதை ஒன்றால் பெருக்கச் சொல்லும் அவ்வரி, காரணம் அறியாதவர்களாலும் மந்திரம்போல் படியெடுக்கப்பட்டது.

2009இல் ஃபயர்ஃபாக்ஸ் 3.5 எழுத்து நிழலையும் பெட்டி நிழலையும் ஏற்றது. பிந்தையதான 'பாக்ஸ்-ஷேடோ' இன்னும் முடிவாகாத வரைவு என்பதால் ஃபயர்ஃபாக்ஸும் சஃபாரியும் பண்பின் பெயருக்கு முன் தத்தம் அடையாள முன்னொட்டைச் சேர்த்து எழுதினால் மட்டுமே அதைப் படித்தன. ஆகவே ஒரே நிழலுக்கு, முன்னொட்டுள்ள இரண்டும் முன்னொட்டற்ற ஒன்றுமாக, மூன்று வரிகள் எழுத வேண்டியதாயிற்று. பழைய எக்ஸ்புளோரர்களுக்காக 2010இல் வெளியான 'சிஎஸ்எஸ்3 பை' என்னும் நிரல், வடிவங்களை வரைவதற்கான விஎம்எல் மொழியைக் கொண்டு பெட்டிக்குப் பின்னால் நிழலைத் தீட்டியது. நிரல்கோப்பின் இருப்பிடத்தை விதிக்கோப்பிலிருந்து கணக்கிடாமல் பக்கத்திலிருந்து கணக்கிட வேண்டும் என்பது அதில் பலரை இடறச்செய்த நுணுக்கம். நிழலற்ற பெட்டியும் படிக்கத்தக்கதே என்று விட்டிருந்தால் இவ்வுழைப்பில் பெரும்பகுதி மிச்சமாகியிருக்கும்; வாடிக்கையாளர்களோ எல்லா உலாவியிலும் ஒரே தோற்றத்தையே கேட்டார்கள்.

2011இல் எக்ஸ்புளோரர் 9 பெட்டி நிழலை முன்னொட்டின்றி ஏற்றது. ஆனால் அது விண்டோஸ் எக்ஸ்பியில் நிறுவ இயலாததாக இருந்தது. எழுத்து நிழல் 2012இல் பத்தாம் பதிப்பில் வந்தது, பழைய ஃபில்டர்கள் அதிலேயே விலக்கப்பட்டன. அப்பதிப்பைத் தாங்கி வந்த விண்டோஸ் 8, நிழலே இல்லாத தட்டையான வண்ணக் கட்டங்களைத் தன் முகப்பாகக் கொண்டிருந்தது.