பூமர், 90ஸ் கிட்ஸ், 2கே கிட்ஸ்: ஒரு தலைமுறை எங்கே முடியுது?

நீங்க 1997-ல் பிறந்தவரா? நம்ம ஊர் மீம்ஸ் கணக்குப்படி நீங்க '90ஸ் கிட்'. அமெரிக்கக் கணக்குப்படி 'ஜென் இசட்'. ஒரே ஆளுக்கு இரண்டு முத்திரை! ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் பெரியப்பாவை 'பூமர்' என்று கலாய்ப்பதற்கு முன்னால், இந்தக் கோட்டை எல்லாம் யார் போட்டது என்று பார்த்துவிடலாம்.

யார் போட்ட கணக்கு?

அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் பயன்படுத்தும் பிறந்த ஆண்டுகள் இவை:

• பேபி பூமர்: 1946–1964
• ஜென் எக்ஸ்: 1965–1980
• மில்லினியல்: 1981–1996
• ஜென் இசட்: 1997–2012

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்காவில் பிறப்பு எண்ணிக்கை எகிறியது. 1964-க்குப் பிறகு இறங்கியது. அதனால்தான் 'பூமர்'. மற்ற எல்லைகள் பெரும்பாலும் ஆய்வு வசதிக்காகப் போட்டவை. இந்தப் பெயர்களை இனி கவனமாகத்தான் பயன்படுத்துவோம் என்று 2023-ல் பியூ மையமே சொல்லிவிட்டது.

சென்னைக்குப் பொருந்துமா?

அப்படியே பொருந்தாது. இங்கே 1946-ல் அப்படி ஒரு திடீர் ஏற்றமும் இல்லை, 1964-ல் திடீர் இறக்கமும் இல்லை. இளம் வயதில் ஒரே பெரிய நிகழ்வைச் சேர்ந்து அனுபவித்தவர்கள்தான் ஒரு தலைமுறை என்றார் சமூகவியல் அறிஞர் கார்ல் மான்ஹைம், 1928-ல். அப்படிப் பார்த்தால் நம்ம கோடுகள் வேறு: 1975-ல் மெட்ராஸுக்கு வந்த தூர்தர்ஷன், 1993-ல் சன் டிவி, 1996-ல் மெட்ராஸ் சென்னையானது, 2015-ல் அடையாறு ஆறு கரை புரண்ட வெள்ளம்.

சட்டம் போட்ட கோடு

மீம்ஸ் கோடு தப்பானால் நஷ்டம் எதுவும் இல்லை. சட்டத்தின் கோடு அப்படி இல்லை.

1989 மார்ச் 25. இந்துக் கூட்டுக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான உரிமையை மகளுக்கும் தந்த தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம் அமலான நாள் இது. ஆனால், அதற்கு முன்பே திருமணமான மகள்களுக்கு அந்த உரிமை கிடையாது. அதாவது, மயிலாப்பூரில் ஒரே வீட்டில் வளர்ந்த இரண்டு சகோதரிகளில், பிப்ரவரியில் கல்யாணமான அக்காவுக்கு உரிமை இல்லை, ஏப்ரலில் கல்யாணமான தங்கைக்கு உண்டு!

அடுத்த மூன்றாவது நாள், மார்ச் 28-ல், நாடு முழுக்க வாக்குரிமை வயது 21-லிருந்து 18 ஆனது.

இப்போ நிலை என்ன?

2005 செப்டம்பர் 9-ல் அமலான மத்தியச் சட்டத் திருத்தம், கல்யாணமானவர், ஆகாதவர் என்ற வித்தியாசத்தை நீக்கியது. இந்த உரிமை பிறப்பால் வருவது, அந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை என்று 2020 ஆகஸ்ட் 11-ல் உச்ச நீதிமன்றமும் தெளிவுபடுத்தியது.

ஒரு விஷயத்தை மட்டும் மறக்காதீங்க. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவுப் பத்திரம் மூலமோ நீதிமன்றத் தீர்ப்பு மூலமோ பாகம் பிரித்திருந்தால், அல்லது சொத்தை விற்றிருந்தால், அதை இந்தத் திருத்தம் மாற்றாது. அதனால் பூர்வீக வீட்டு விஷயம் பேசும்போது, அக்காவின் கல்யாணத் தேதியை விட்டுவிட்டு, பாகப்பிரிவினைப் பத்திரத்தின் தேதியைப் பாருங்க.