கை நடுங்கினால் பயமா?



நேற்று பேத்தி கேட்டாள். "தாத்தா, ஷேக், ஷிவர், ட்ரெம்பிள் மூணுக்கும் நடுங்குறதுன்னுதானே அர்த்தம்? அப்புறம் எதுக்கு மூணு வார்த்தை?"

குளிரில் நடுங்கினால் ஷிவர். பயத்திலோ ஆத்திரத்திலோ நடுங்கினால் ட்ரெம்பிள். அருவருப்பில் உடம்பு ஒருமுறை சிலிர்த்து அடங்கினால் ஷடர். அழப்போகும் குழந்தையின் உதடு துடித்தால் க்விவர். கால் சரியில்லாத மேசை ஆடினால் வாபிள். ஷேக் எல்லாவற்றுக்கும் பொது. நாமும் அப்படித்தானே பேசுகிறோம்? மேசை ஆடும், பேருந்து குலுங்கும், இடி இடித்தால் ஜன்னல் அதிரும், கை நடுங்கும்.

ஷேக்கும் க்வேக்கும் பழைய ஆங்கிலச் சொற்கள். ட்ரெம்பிள் லத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியாக வந்தது. நிலநடுக்கத்தில் இருக்கும் அந்த க்வேக் ஒரு கூட்டத்துக்கே பெயராகிவிட்டது. 1650-ல் இங்கிலாந்தின் டெர்பி நகரில் விசாரணைக்கு நின்ற ஜார்ஜ் பாக்ஸ், கடவுளின் வார்த்தைக்கு முன் நடுங்குங்கள் என்றாராம். நீதிபதி கேலியாக அவர்களைக் 'க்வேக்கர்', அதாவது நடுங்கிகள், என்றார். கேலி போய்விட்டது, பெயர் நிலைத்துவிட்டது.

நோய்க்கு வைத்த பெயரும் அப்படித்தான் ஒட்டிக்கொள்ளும். 1817-ல் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற லண்டன் மருத்துவர் 'ஷேக்கிங் பால்சி' பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். பால்சி என்றால் வாதம். அவர் விவரித்தது ஆறே பேரை. அதிலும் சிலரைத் தெருவில்தான் பார்த்தார். ஒருவரைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. ஆனாலும் அந்தக் கண் கூர்மையான கண். சும்மா இருக்கும்போதுதான் கை நடுங்குகிறது என்பதையும், உடல் தளர்ந்தாலும் அறிவு கெடவில்லை என்பதையும் குறித்து வைத்தார்.

பின்னாளில் பாரிஸ் மருத்துவர் ஷார்கோ அந்தப் பெயரை ஏற்கவில்லை. எல்லா நோயாளிக்கும் நடுக்கம் இருப்பதில்லை, இது வாதமும் இல்லை என்றார். பார்க்கின்சன் பெயரையே நோய்க்குச் சூட்டினார். தமிழில் நாம் இன்னும் 'நடுக்குவாதம்' என்றே எழுதுகிறோம்.

இதைப் பேத்திக்குச் சொல்லிக்கொண்டே வந்தவனுக்குச் சட்டென்று பேச்சு நின்றுவிட்டது.

1983-ல் நான் வேலைக்குச் சேர்ந்த பள்ளியில் ஒரு மூத்த ஆசிரியர் இருந்தார். மேசைமேல் வைத்த அவர் வலது கை நடுங்கிக்கொண்டே இருக்கும். சாக்பீஸை எடுத்ததும் நடுக்கம் குறைந்துவிடும். ஆனால் கரும்பலகையில் எழுத்து நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டே போனது. கடைசி பெஞ்சு பிள்ளைகள் தெரியவில்லை என்றார்கள். "இன்ஸ்பெக்‌ஷன்னா சாருக்குப் பயம்" என்று ஆசிரியர் அறையில் சிரித்தோம். குடிப்பார் என்றும் சிலர் சொன்னார்கள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

அவருக்கு என்ன நோய் என்று சொல்ல நான் மருத்துவன் இல்லை. ஆனால் "ஒரு டாக்டரிடம் காட்டுங்கள் சார்" என்று எங்களில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. லெவோடோபா என்ற மருந்து 1960-களின் இறுதியிலேயே வந்துவிட்டது. நோயைக் குணமாக்காது. ஆனால் கை கால் அசைவை எளிதாக்கும். ஆங்கிலப் பாடத்தில் ட்ரெம்பிள் என்றால் பயத்தில் நடுங்குவது என்று நடத்தியவன் நான். எதிரே இருந்த நடுக்கத்துக்கும் அதே அர்த்தத்தைப் போட்டுவிட்டேன்.

எல்லா நடுக்கமும் இந்த நோய் ஆகாது. தைராய்டு, சில மாத்திரைகள் என்று காரணம் பல. உங்கள் வீட்டுப் பெரியவரின் கை சும்மா இருக்கும்போது நடுங்கினால், கையெழுத்து சுருங்கினால், நடை மெதுவானால், வயசாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். நரம்பியல் மருத்துவரிடம் ஒருமுறை அழைத்துப் போங்கள்.

அந்த ஆசிரியர் இன்று இல்லை. அவரிடம் பாடம் படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், ஒரு வரி எழுதுங்கள்.