ஊர் இணையதளத்தில் வரைபடம்: இடத்தைக் காட்டுவோம், ஆளைக் காட்ட வேண்டாம்

"அஸர் தொழுகைக்குப் பின் பெரிய பள்ளிவாசல் மையவாடியில் நல்லடக்கம்" என்ற அறிவிப்பை நம் ஊர் இணையதளங்களில் அடிக்கடி பார்க்கிறோம். உள்ளூர்க்காரருக்கு அது போதும். வெளியூரிலிருந்து அவசரமாகப் புறப்பட்டு வரும் உறவினருக்கோ எந்தத் தெருவில் திரும்புவது என்பதே தெரியாது. அறிவிப்போடு ஒரு வரைபடமும் இருந்தால் யாரிடமும் விசாரிக்காமல் நேரே வந்து சேர்வார். பெருநாள் தொழுகைத் திடல், மதரஸா, நோன்புக் கஞ்சி வழங்கும் இடம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

ஜமாஅத்தோ மதரஸாவோ சங்கமோ நடத்தும் இணையதளத்தில் வரைபடம் சேர்ப்பது எப்படி, அதில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

எளிய வழி

ஒரே ஓர் இடத்தைக் காட்டினால் போதும் என்றால் கூகுள் மேப்ஸே போதுமானது. கணினியில் அந்த இடத்தைத் தேடி, பகிர்வதற்கான பொத்தானை அழுத்தினால், வரைபடத்தைப் பக்கத்தில் பதிப்பதற்கான குறியீடு கிடைக்கும். அதை நகலெடுத்து உங்கள் பக்கத்தில் ஒட்டினால் வேலை முடிந்தது.

பல இடங்களை ஒரே வரைபடத்தில் காட்ட வேண்டுமானால் ஓபன்ஸ்ட்ரீட்மேப், லீஃப்லெட் இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தலாம். ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்பது 2004இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்டு, உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் வரைந்து வரும் பொது வரைபடம். நம் ஊர்த் தெருக்களையும் பள்ளிவாசல்களையும் தமிழ்ப் பெயரோடு நாமே அதில் சேர்க்கலாம். லீஃப்லெட் என்பது அந்த வரைபடத்தை இணையப் பக்கத்தில் காட்டும் இலவச நிரல். 2011இல் வெளிவந்தது, அளவில் மிகச் சிறியது என்பதால் சாதாரண கைப்பேசியிலும் சிரமமின்றி இயங்கும். வரைபடத்தின் ஓரத்தில் ஓபன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்களின் பெயரைக் குறிப்பிடுவது கட்டாயம்.

எண்கள் இடம் மாறினால்

ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு எண்கள் உண்டு: அட்சரேகை, தீர்க்கரேகை. சென்னைக்கு 13.0827, 80.2707. கைப்பேசி வரைபடத்தில் ஓர் இடத்தைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் இந்த எண்கள் தெரியும். லீஃப்லெட்டில் அட்சரேகையை முதலில் எழுத வேண்டும். ஜியோஜேசன் என்ற கோப்பு வகையில் தீர்க்கரேகை முதலில் வரும். இரண்டும் மாறிவிட்டால் சென்னைப் பள்ளிவாசல் ஆர்க்டிக் கடலில் போய் நிற்கும். எனவே வெளியிடும் முன் ஒவ்வொரு குறியையும் தொட்டுப் பாருங்கள்.

வரைபடத்துக்குக் கீழே முகவரியையும் அடையாளத்தையும் எழுத்திலும் கொடுங்கள். இணைய வேகம் குறைந்த இடத்தில் வரைபடம் திறக்காமல் போகலாம். வயதானவர்களுக்கு "பேருந்து நிலையத்துக்குப் பின்புறம்" என்ற ஒரு வரியே எளிது.

பார்வையாளரின் இருப்பிடம்

"அருகிலுள்ள பள்ளிவாசல்", "இன்றைய தொழுகை நேரம்", "கிப்லா திசை" போன்ற வசதிகளுக்குப் பார்வையாளர் எங்கே இருக்கிறார் என்பது தெரிய வேண்டும். அவர் அனுமதி கொடுத்தால் மட்டுமே உலாவி அந்தத் தகவலைத் தரும். அதுவும் முகவரி எச்டிடிபிஎஸ் என்று தொடங்கும் பாதுகாப்பான தளங்களுக்கு மட்டுமே தரும்.

இங்கேதான் நமக்கு எச்சரிக்கை தேவை. 9.8 கோடிக்கும் மேல் தரவிறக்கப்பட்ட 'முஸ்லிம் ப்ரோ' என்ற தொழுகை நேரச் செயலியின் பயனாளர்களுடைய இருப்பிடத் தகவல் எக்ஸ்-மோடு என்ற நிறுவனத்துக்குப் போவதாக 2020 நவம்பரில் மதர்போர்டு செய்தித்தளம் வெளிப்படுத்தியது. எக்ஸ்-மோடு தான் திரட்டிய இருப்பிடத் தகவல்களை ஒப்பந்த நிறுவனங்களுக்கும், அவர்கள் வழியே அமெரிக்க ராணுவத்துக்கும் விற்று வந்தது. செய்தி வெளியானதும் அந்த நிறுவனத்துடனான உறவை முறித்துக்கொள்வதாகச் செயலி அறிவித்தது. வழிபாட்டுத் தலங்கள் போன்ற இடங்களுக்கு யார் போய் வருகிறார்கள் என்பதைக் காட்டும் தகவலை விற்க, 2024 ஜனவரியில் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் அந்த நிறுவனத்துக்குத் தடை விதித்தது. தொழுகை நேரம் பார்க்கத் திறந்த செயலி தன் நடமாட்டத்தைப் பிறருக்குச் சொல்லும் என்று அதைப் பயன்படுத்தியவர்களில் எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்?

எவ்வளவு தெரிந்தால் போதும்?

தொழுகை நேரத்தைக் கணிக்க ஒருவரின் வீட்டு வாசல் வரை தெரிய வேண்டியதில்லை. தீர்க்கரேகையில் ஒரு பாகை மாறினால் சூரியன் உச்சிக்கு வரும் நேரம் 4 நிமிடம் மாறும். சென்னைக்கும் கோவைக்கும் ஏறக்குறைய 3.3 பாகை வித்தியாசம் என்பதால், கோவையில் லுஹர் சுமார் 13 நிமிடம் தாமதமாகத் தொடங்குகிறது. எண்ணைப் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கத்தோடு நிறுத்தினால் சுமார் ஒரு கிலோமீட்டர் துல்லியம் கிடைக்கும். அதனால் நேரத்தில் வரும் பிழை சில நொடிகள்தான். கிப்லாவும் அப்படியே. சென்னையில் அது நேர் மேற்கிலிருந்து சுமார் 18 பாகை வடக்கே சாய்ந்திருக்கிறது. ஒரு தெரு தள்ளிப் போனாலும் திசை மாறுவதில்லை. நான்கு இலக்கம் வைத்தால் துல்லியம் 11 மீட்டராகிவிடும். அது ஒருவரின் வீட்டையே காட்டிக்கொடுக்கும்.

ஆகவே தளம் அமைப்பவரிடம் இவற்றைக் கேட்டு வாங்குங்கள்:

1. ஊர்ப் பெயரைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் இருக்கட்டும். அனுமதி மறுத்தவருக்கும் தொழுகை நேரம் கிடைக்க வேண்டும்.

2. பக்கம் திறந்தவுடனே அனுமதி கேட்க வேண்டாம். "அருகிலுள்ள பள்ளிவாசல்" என்ற பொத்தானை அழுத்திய பிறகு கேட்டால் போதும்.

3. பள்ளிவாசல்களின் பட்டியலைப் பார்வையாளரின் கைப்பேசிக்கு அனுப்பி, தூரத்தை அங்கேயே கணக்கிடச் செய்யுங்கள். அவருடைய இருப்பிடம் உங்கள் சர்வருக்கு வரவே வேண்டாம்.

4. பதிக்கப்பட்ட வரைபடம் திறக்கும்போது பார்வையாளரின் இணைய முகவரி வரைபட நிறுவனத்துக்குப் போகும். அவர் தொட்ட பிறகே வரைபடம் திறக்கும்படி அமையுங்கள், டேட்டாவும் மிச்சமாகும்.

5. விளம்பரத்துக்கோ எண்ணிக்கைக்கோ வேறு நிறுவனத்தின் நிரலைச் சேர்க்கும் முன், அது என்னென்ன தகவலை எடுக்கிறது என்று பாருங்கள்.

குறிக்கக் கூடாத இடங்கள்

பள்ளிவாசல், மையவாடி, நூலகம், ஆம்புலன்ஸ் நிற்கும் இடம் ஆகியவை எல்லோருக்கும் பொதுவானவை. ரத்ததானம் செய்பவரின் வீடும், ஜகாத் அல்லது உதவித்தொகை பெறும் குடும்பத்தின் வீடும் அப்படியல்ல. அவற்றை வரைபடத்தில் புள்ளியாக வைத்தால், நாம் செய்யும் உதவியே ஒரு குடும்பத்தைத் தெருவுக்கு முன் தலைகுனிய வைத்துவிடும். கொடையாளர்களுக்குப் பகுதியின் பெயரும், தொடர்புக்கு அலுவலக எண்ணும் போதும்.

உங்கள் ஊர்த் தளத்தில் வரைபடம் ஏற்கெனவே இருந்தால், ஒரு முறை கைப்பேசியில் திறந்து பாருங்கள். திறந்தவுடன் இருப்பிட அனுமதி கேட்டால், எதற்காக என்று நிர்வாகிகளிடம் விசாரியுங்கள். வருகிறவருக்கு வழி தெரிய வேண்டும். வந்தவர் யார், எங்கிருந்து வந்தார் என்ற கணக்கு வேறொருவர் கைக்குப் போகக் கூடாது.