யோர்க் 1813: எரிந்த அவையும் மீண்ட செங்கோலும்

அமெரிக்கக் குடியரசு, தன்னை முன்பு ஆண்ட பிரித்தானியாமீது 1812 யூன் 18 இல் போர் அறிவித்தது. யூலையில் மேல் கனடாவினுள் நுழைந்த தளபதி ஹல், அங்குள்ள மக்களுக்குக் கொடுங்கோன்மையிலிருந்து விடுதலை அளிப்பதாக அறிக்கை விடுத்தார். 1813 ஏப்ரல் 27 இல் மாகாணத் தலைநகர் யோர்க், அதாவது இன்றைய ரொறன்ரோ, அமெரிக்கர் வசமாயிற்று. நகர் அவர்கள் பிடியிலிருந்த நாள்களில், குடிகள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் கூடிய சட்டமன்றக் கட்டடங்கள் எரியுண்டன. அவையின் செங்கோல் கவர்ந்து செல்லப்பட்டது. 1814 ஓகஸ்ற்றில் பிரித்தானியர் வாஷிங்டனின் அரசுக் கட்டடங்களை எரித்தனர். அவ்வாண்டு டிசெம்பரில் கெந்து நகரில் கைச்சாத்தான உடன்படிக்கை, இரு தரப்பு எல்லைகளையும் போருக்கு முன்பிருந்தவாறே விட்டது. செங்கோல் 1934 இல் ரொறன்ரோவுக்கு மீண்டது. விடுதலை தர வந்தோராகத் தம்மை அறிவித்தவர்களை, அவையை எரித்தோராகவே நகரம் நினைவிற்கொண்டது. பேரரசை எதிர்த்துப் பிறந்த குடியரசும் அயல் மண்ணில் ஆக்கிரமிப்பாளனாகலாம் என்பதற்கு யோர்க் சான்று.