இரண்டு சிறைகளுக்கு நடுவே

ஓசூரையும் கிருஷ்ணகிரியையும் தொழிற்சாலைகளின் ஊர்களாகவே இன்றைய தலைமுறை அறியும். இரு நூற்றாண்டுகளுக்கு முன்போ, மைசூர்ப் படையும் கும்பினிப் படையும் மாறி மாறிக் கடந்த எல்லை இது. கிருஷ்ணகிரியை உள்ளடக்கிய பாராமகாலை 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையால் திப்பு சுல்தான் இழந்தார். இங்கிருந்து மேற்கே ஓசூர், பெங்களூர் வழியாகச் சென்றால் ஸ்ரீரங்கப்பட்டணம். கிழக்கே சென்றால் வேலூர். இரண்டு ஊர்களிலும் அந்தப் போர்களின் சிறைகள் இன்றும் நிற்கின்றன.

ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டைக்குள் காவிரிக் கரையையொட்டி இருக்கிறது ‘கர்னல் பெய்லி சிறை’. இன்று அது பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னம். படியிறங்கிச் சென்றால், ஏறக்குறைய 100 அடி நீளமும் 40 அடி அகலமும் கொண்ட செங்கல் வளைவு மண்டபத்தைக் காண்கிறோம். சுவரில் பதித்த கற்பலகைகளில் துளைகள் உள்ளன. கைதிகளைச் சங்கிலியால் பிணைக்க அமைந்தவை அவை.

1780 செப்டம்பர் 10இல், காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் கும்பினிப் படை பெருந்தோல்வி கண்டது. அதன் தளபதி பெய்லி சிறைப்பட்டு, 1782 நவம்பரில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மாண்டார். இதனைத் திப்புவின் கொடுமையாகவே பலர் எழுதினர். ஆனால் அப்பொழுது அரசாண்டவர் ஹைதர் அலி. அவர் மறைந்தது 1782 டிசம்பரில்தான். எனினும் எஞ்சிய கைதிகள் 1784 மங்களூர் உடன்படிக்கை வரை திப்புவின் ஆட்சியிலும் அடைபட்டிருந்தனர் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அவர்களுள் ஒருவரான டேவிட் பெயர்டுதான் 1799 மே 4இல் கோட்டையைத் தாக்கிய படைக்குத் தலைமை தாங்கினார். திப்பு ஷஹீதானது அன்றுதான்.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். 1792இல் திப்புவின் மைந்தர் இருவர் பிணையாகச் சென்னைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். மூத்தவருக்கு வயது பத்து, இளையவருக்கு எட்டு. அவர்கள் தந்தையிடம் திரும்பியது 1794இல். 1799க்குப் பின் சுல்தானின் குடும்பமே வேலூர்க் கோட்டையில் காவலில் வைக்கப்பட்டது. 1806 ஜூலை 10இல் அங்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். அது அடக்கப்பட்டபோது நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அரச குடும்பம் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது. ஹைதர் மஹால், திப்பு மஹால் என்னும் பெயர்கள் அக்கோட்டையில் இன்றும் வழங்குகின்றன.

பெய்லியின் பெயரைத் தாங்கும் சிறையை மட்டும் கண்டு திரும்புவோர் சுல்தானைக் கொடியவர் என்பர். வேலூரை மட்டும் நினைப்போர் நம்மவர் துன்பத்தை மட்டுமே அறிவர். இரண்டும் அரை வரலாறே. பத்ருப் போரில் பிடிபட்டோருள் எழுத்தறிந்தவர்களை, பிள்ளைகளுக்கு எழுதக் கற்பித்தால் விடுதலை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விடுவித்த செய்தியை நாம் பெருமையுடன் சொல்கிறோம். அந்த அளவுகோலைப் பகைவருக்கு மட்டுமன்றி நம் மன்னர்களுக்கும் வைத்துப் பார்ப்பதே நேர்மை. அதனால் திப்புவின் வீரம் குறைந்துவிடாது.

விடுமுறையில் பிள்ளைகளை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர், வேலூர்க் கோட்டையையும் அவர்களுக்குக் காட்டுவார்களாக.