உறையும் கிண்ணமும்: ‘கேலிக்ஸ்’ என்னும் கலைச்சொல்லின் பொருள் வரலாறு

1. முன்னுரை

அறிவியல் துறைகள் பலவற்றில் ‘கேலிக்ஸ்’ என்னும் கலைச்சொல் வழங்குகின்றது. தாவரவியலில் அது பூவின் புறவிதழ்த் தொகுதியைக் குறிக்கும். உடற்கூற்றியலில் சிறுநீரகத்தினுள் சிறுநீர் முதலில் வந்து சேரும் குழிந்த அறையைக் குறிக்கும். விலங்கியலில் கடல் அல்லி எனப்படும் முள்தோலியின் உடற்பகுதிக்கும், நரம்பியலில் செவிப் புலப் பாதையிலுள்ள பெரிய நரம்புமுனை ஒன்றுக்கும் அதுவே பெயர். இந்நான்கிற்கும் பொதுவாக இன்று உணரப்படுவது கிண்ண வடிவமாகும். ஆயினும் இச்சொல்லின் மூலப்பொருள் கிண்ணம் அன்று. இருவேறு சொற்கள் ஒலி ஒப்புமையால் ஒன்றில் ஒன்று கலந்தமையே இப்பொருளுக்குக் காரணம். அக்கலப்பின் வரலாற்றையும், இந்திய மொழிகளின் கலைச்சொல்லாக்கத்தில் அதன் விளைவையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

2. இரு மூலச் சொற்கள்

கிரேக்க மொழியில் ‘கலுக்ஸ்’ என்பது விதையின் மேலுறை, விரியாத அரும்பு, அரும்பை மூடிய தோடு ஆகியவற்றைக் குறித்தது. இலத்தீனில் ‘கலிக்ஸ்’ என்பது குடிகலத்தின் பெயர். கிண்ணத்தைக் குறிக்கக் கிரேக்கத்தில் ‘கூலிக்ஸ்’ என்ற வேறு சொல் உண்டு. இலத்தீன் ‘கலிக்ஸ்’ இதனுடன் உறவுடையதாகக் கருதப்படுகின்றது. வடமொழிக் ‘கலச’த்தைக் கிண்ணச் சொல்லுடனும் ‘கலிகை’யை அரும்புச் சொல்லுடனும் ஒப்பிட்ட ஒப்பியல் அறிஞரும் உளர், எனினும் அவ்வொப்பீடுகள் ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்பட்டவை அல்ல.

கிரேக்கச் சொல்லை இலத்தீன் கடனாகப் பெற்றபோது, எழுத்தில் ‘ஒய்’, ‘ஐ’ என்னும் ஓர் உயிரெழுத்தின் வேறுபாடு மட்டுமே இவ்விரு சொற்களையும் பிரித்துக் காட்டியது. பிற்கால இலத்தீன் ஒலிப்பில் அவ்வேறுபாடும் மறைந்தது. விரிந்த பூவின் அடியில் புறவிதழ்கள் கிண்ணம்போல் நிற்பதனால், ஒலிமயக்கத்திற்குக் காட்சியும் துணைநின்றது.

இக்கலப்பின் பயனை ஐரோப்பிய மொழிகளில் தெளிவாகக் காணலாம். பிரெஞ்சு ‘கலீஸ்’, இத்தாலிய ‘காலிச்சே’, ஸ்பானிய ‘காலிஸ்’, ஜெர்மன் ‘கெல்ஹ்’ ஆகிய ஒவ்வொன்றும் வழிபாட்டுக் கிண்ணத்தையும் பூவின் புறவிதழ்த் தொகுதியையும் ஒருசேரக் குறிக்கின்றது. ஆங்கிலம் மட்டும் கிண்ணத்திற்குச் ‘சாலிஸ்’ என்றும், பூவுறுப்பிற்குக் ‘கேலிக்ஸ்’ என்றும் இரு வடிவங்களைக் காத்துக்கொண்டது.

3. தாவரவியலில் பொருள் சுருங்கியமை

1751-இல் வெளிவந்த ‘பிலசோபியா பொட்டானிக்கா’ என்னும் நூலில் லின்னேயசு இச்சொல்லை ஆளும் முறை கருதத்தக்கது. தாவரத்தின் பட்டையே பூ உறுப்புகளில் தொடர்ந்து வந்து இவ்வுறுப்பாகின்றது என்பது அவர் கொள்கை. எனவே அவர் வழக்கில் மேலோங்கி நிற்பது உறை என்னும் பழைய கிரேக்கப் பொருளேயாம். அவர் இதனை எழுவகையாகப் பகுத்தார். அவற்றுள் பனைக் குடும்பத்தின் பாளை, புல்லினத்தின் உமிச் செதில், பாசிச் செடியின் வித்துறை மூடி, காளானின் அடியுறை ஆகியனவும் அடங்கும். இவற்றுள் கிண்ண வடிவம் பொதுவாக இல்லை; மூடிக் காத்தல் என்னும் தொழிலே பொதுவாகும்.

1790-இல் நெக்கர் தனிப் புறவிதழுக்குச் ‘செப்பலம்’ என்னும் சொல்லைப் படைத்தார். அதன்பின் ‘கேலிக்ஸ்’ என்பது அவ்விதழ்களாலான வட்டத்திற்கு உரியதாய்ச் சுருங்கியது. பாளையும் உமியும் தத்தம் பெயர்களுடன் விலகின. ஆதலின் 18-ஆம் நூற்றாண்டு நூலில் வரும் இச்சொல்லை இன்றைய பொருளில் பெயர்ப்பின், தென்னம்பாளையையும் புல்லிவட்டம் என்று கூறும் பிழை நேரும்.

4. உடற்கூற்றியல் வழக்கு

உடற்கூற்றியலில் எழுத்து வடிவமே இன்றும் ஒருநிலைப்படவில்லை. 1998-இல் வெளியான பன்னாட்டு உடற்கூற்றுக் கலைச்சொல் தொகுதி சிறுநீரக அறைகளைக் கிண்ணத்திற்குரிய ‘ஐ’ எழுத்தால் எழுதுகின்றது. ஆங்கில மருத்துவ நூல்களோ அரும்புறைக்குரிய ‘ஒய்’ எழுத்தையே பெரிதும் ஆளுகின்றன. உறுப்பின் அமைப்பை நோக்கின் இருசாராருக்கும் இடமுண்டு. சிறுநீரகக் கூம்பின் நுனியைச் சிறுகிண்ணம் சூழ்ந்து தழுவுகின்றது. அந்நிலையில் அது உறை. நுனியிலிருந்து வடியும் நீரை ஏற்றுப் பெருங்கிண்ணத்திற்கு அனுப்புகின்றது; அந்நிலையில் அது கலம்.

ஹான்ஸ் ஹெல்ட் 1893-இல் விளக்கியதும் அவர் பெயராலேயே வழங்குவதுமான நரம்புமுனையும் இத்தகையதே. அது மற்றொரு நரம்பணுவின் உடலைக் கவ்விப் பிடித்திருப்பது. எதனையும் ஏந்தி நிற்பதன்று.

நாவின் சுவையுறுப்புக்கு அதே தொகுதி வழங்கும் ‘கலிக்குலுஸ்’ என்னும் பெயர் ‘சிறுகிண்ணம்’ என்று பொருள்படும். அங்கேயே அரும்பு என்னும் பொருளுடைய ‘கெம்மா’ என்ற மாற்றுப் பெயரும் உண்டு. தமிழில் நிலைபெற்ற ‘சுவை அரும்பு’ பின்னைய கருத்தைத் தழுவியதாகும்.

5. இந்திய மொழிகளில்

பூவின் ‘கேலிக்ஸ்’ என்னும் ஒரே உறுப்புக்கு இந்திய மொழிகள் படைத்த சொற்கள் வெவ்வேறு நோக்கில் அமைந்துள்ளன. இந்தியில் ‘பாஹ்யதளபுஞ்ச்’ என்பது வெளி இதழ்களின் தொகுதி என்று பொருள்படும். இங்கு இடமே அடிப்படை. தெலுங்கில் ‘ரக்ஷக பத்ராவளி’ என்பது காக்கும் இலைகளின் வரிசை. இங்குத் தொழில் அடிப்படை. வங்காளத்தின் ‘பிருதி’ சூழ்தல், மறைத்தல் என்னும் பொருளுடைய வடமொழி வேரின் வழிவந்தது. கிரேக்க மூலத்திற்கு மிக அண்மையில் நிற்பது இதுவே. கன்னடப் ‘புஷ்பபாத்ரெ’ பூவின் கலம் என இலத்தீன் பொருளைப் பின்பற்றியது.

தமிழ்ப் ‘புல்லிவட்டம்’ புதிய படைப்பன்று. அகவிதழை அல்லி என்றும் புறவிதழைப் புல்லி என்றும் வழங்கிய பழைய இணைச்சொற்களின்மேல் ‘வட்டம்’ என்பதைச் சேர்த்து அமைத்ததாகும். புல்லுதல் என்பது தழுவுதல். புல்லி என்பது இவ்வினையடியாகப் பிறந்ததெனக் கொள்ளின், கிரேக்கச் சொல்லின் கருத்தைத் தமிழ் தானே எட்டியுள்ளது எனலாம். செம்பருத்தியில் காணும் கூடுதல் அடுக்கைப் ‘புறப்புல்லிவட்டம்’ என்று சுட்டவும் இச்சொல் இடந்தருகின்றது. சொடக்குத் தக்காளியின் காயை மூடிய தாள்போன்ற உறையும் இவ்வுறுப்பேயாதலின், அதனைக் கிண்ணம் என்பது பொருந்தாது. புல்லி என்பது பொருந்தும்.

6. மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கவை

இவற்றால் பெறப்படுவன மூன்று. முதலாவது, மூலநூலின் காலம் நோக்கப்பட வேண்டும். லின்னேயசின் வழக்கிற்குப் ‘பூவுறை’ போன்ற விரிந்த சொல்லே ஏற்றது. இன்றைய தாவரவியலுக்குப் ‘புல்லிவட்டம்’ போதுமானது. இரண்டாவது, துறை நோக்கப்பட வேண்டும். சிறுநீரகத்திற்குப் புல்லிவட்டம் பொருந்தாது, ‘கிண்ணம்’ பொருந்தும். நரம்புமுனைக்கோ ‘தழுவுமுனை’ போன்ற சொல் அதன் அமைப்பைத் தெளிவாக்கும். மூன்றாவது, மூலமொழியில் ஒரு சொல் இருப்பதனாலேயே பெயர்ப்பு மொழியிலும் ஒன்றே இருத்தல் வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. ‘கேலிக்ஸ்’ ஒன்றாகத் தோன்றுவது எழுத்து மயக்கத்தின் விளைவு. அம்மயக்கத்தையும் சேர்த்துப் பெயர்க்கும் கடப்பாடு தமிழுக்கு இல்லை. ஏந்துவதைக் கிண்ணம் என்றும் தழுவுவதைப் புல்லி என்றும் பிரித்துச் சொல்லும் வாய்ப்பு அதற்கு உண்டு.